நாலாம் நம்பர் ஆத்தா

சூர்யகலா என்ன வேலை பார்க்கிறாள் என்று போடியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். டைப்படிக்கிறாள் என்பார் கீழ்வீட்டு ஏலக்காய்க் கடைக்காரர். கம்ப்யூட்டரில் கலர் கலராக என்னமோ கோடு இழுக்கிறாள் என்பார்கள் அங்கே காய் பிரிக்க வருகிற பெண்கள். அவளைக் கட்டிய ராஜ்கமல் இருக்கிறானே, போடிமெட்டுக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புக்காரன், அவனிடம் கேட்டால் இன்னும் மோசம். "எழுத்துல தப்புக் கண்டுபிடிக்கிறதுதாண்ணே அவ சோலி. வீட்டுலயும் அதேதான்" என்பான்.

கிண்டல் பண்ணினாலும் அவன் சொன்னதுதான் சரி. மதுரையில் ஒரு சின்ன ஆய்வகம். அங்கே ஏலச்செடியின் இலையையோ ஆட்டு ரத்தத்தையோ மிஷினில் கொடுத்தால் அது எழுத்தாக வெளியே வரும். உயிருள்ள எல்லாமே நாலே எழுத்தில்தான் எழுதியிருக்கிறது: ஏ, டி, ஜி, சி. மாற்றி மாற்றி அந்த நாலேதான், வேறு கிடையாது. மிஷின் அதை நாலு வண்ணத்தில் கூம்பு கூம்பாக வரைந்து அனுப்பும். பச்சைக் கூம்பு என்றால் ஏ, சிவப்பு என்றால் டி. மிஷினுக்கே சந்தேகம் வந்துவிட்டால் எழுத்தைப் போடாமல் நழுவிக்கொள்ளும். சூர்யகலா போடியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி அந்தக் கூம்பை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்து, எது சரியோ அந்த எழுத்தைத் தட்டுவாள். அப்புறம் ஒரு வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசையை வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். அடுக்குகிற வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்தில் வெறும் புள்ளி வைக்கும். மாறுகிற இடத்தில் எழுத்து மஞ்சளாக எரியும்.

பெரும்பாலும் ஏலச்செடிக்கு வருகிற கட்டை நோய்தான் அவளுடைய பிழைப்பு. இந்த எஸ்டேட்டில் வந்த வைரஸும் அந்த எஸ்டேட்டில் வந்த வைரஸும் ஒன்றா வேறா என்று பார்த்துச் சொல்வது. பொறந்த ஊர் ராசிங்காபுரம். அப்பா பால்சாமி தக்காளியும் வெங்காயமும் போட்டு எடுத்த காசில் அவளை மதுரையில் எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தார். அதற்கு மேலே படிக்க ஆசைப்பட்டாள், கல்யாணம் வந்து நின்றது. அந்த ஆசை அப்படியே போனது, ஆனால் கை வேலை போகவில்லை. ஆய்வகத்தை நடத்துகிற சுசித்ரா மேடம், "நீ வீட்டுல இருந்தே பாரு கலா" என்று சொல்லிவிட்டார். அவள் பார்த்து அனுப்பியதை மேடம் திரும்ப ஒரு தடவை பார்த்ததே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. நம்பாமல் என்ன செய்வார்? சொந்தத் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் கொம்பு விட்டுப்போச்சு என்று அச்சகத்துக்காரனிடம் சண்டைக்குப் போய், முழுக்க மறுபடி அடிக்க வைத்த மகராசி அவள்.

அந்த ஐப்பசியில் மழை விட்ட பாடில்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மலை சரிந்து, காய் உலர்த்துகிற ஸ்டோரை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. மலைமேல் இருக்கிறவர்கள் அதை உருள்பொட்டல் என்பார்கள், மலையாள வார்த்தை. உள்ளே இருந்தவர்களில் நாலு பேர் நம்ம பக்கத்து ஆட்கள். வடக்கேயிருந்து வந்த கூலிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று எஸ்டேட்காரனுக்கே தெரியாது. வந்தவன் போனவன் பேரையெல்லாம் எவன் கேட்டு வைக்கிறான்?

அந்த நாலு பேரில் ஒருத்தன் ஜெகதீஷ். ராசிங்காபுரம் வேலுத்தாய் மகன். சூர்யகலாவின் அப்பா வீட்டுக்கு எதிர்வீடு. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்த பயல். டிப்ளமோ முடித்துவிட்டு உள்ளூரில் வேலை அமையாமல், ஸ்டோரில் அடுப்புச் சூடு பார்க்கிற வேலைக்கு மலையேறினான். சனிக்கிழமை ஆனால் இறங்கி வருவான். போடியில் இறங்கியதும் ராஜ்கமல் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, "மாப்ளே" என்று அவனைச் சீண்டிக்கொண்டே ஊர் போய்ச் சேருவான். அவன் செத்துப்போனான் என்பதை ராஜ்கமலால் கடைசிவரை வாயால் சொல்ல முடியவில்லை. "மேல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழை வெறித்த பிற்பாடு ஓடையில் கல்லுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கிடைத்தது நாலு பேருடைய எலும்பு. முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலைமையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. அதனால் அந்த நாலு வீட்டுத் தாய்மாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் அழுகிப்போன பின்னாலும் எலும்புக்குள் தங்கி நிற்கிற ஒரு மரபணு உண்டு. அது அப்பன் வழியில் வராது. ஆத்தாளிடமிருந்து பிள்ளைக்கு, அந்த ஆத்தாளுக்கு அவள் ஆத்தாளிடமிருந்து, இப்படிப் பொம்பளை வழியில் மட்டும்தான் இறங்கி வரும். பெத்தவள் வரிசையும் பிள்ளை வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். ஒரு எழுத்து மாறினால் சந்தேகம். இரண்டு மூன்று மாறினால் வேறு வம்சம், முடிந்தது கதை.

அரசாங்க ஆய்வகத்தில் வேலை குவிந்து கிடந்ததால் அது சுசித்ரா மேடத்திடம் வந்தது, அங்கேயிருந்து சூர்யகலாவின் மடிக்கு வந்தது. பேர் எதுவும் இல்லை. தாய் ஒன்று, தாய் இரண்டு, எலும்பு ஒன்று, எலும்பு இரண்டு என்று நம்பர்தான். வைரஸ் பார்த்த கையால் மனுச எலும்பைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. வேலையைத் தொடுமுன் கையெடுத்துக் கும்பிட்டாள். கூம்பு கூம்பாகச் சரிபார்த்து அடுக்கினாள். முதல் தாய்க்குக் கீழே மூன்றாம் எலும்பு, கோடியிலிருந்து கோடிவரை புள்ளியாகவே போனது. அடுத்த இரண்டு தாய்க்கும் அதேபோல ஆள் கிடைத்தது. மிச்சம் நாலாம் நம்பர் தாயும் இரண்டாம் எலும்பும். இரண்டையும் அடுக்கினாள். மூன்று இடத்தில் மஞ்சள் எரிந்தது.

கூம்பில் கோளாறோ என்று பெரிதாக்கிப் பார்த்தாள். கோளாறெல்லாம் ஒன்றுமில்லை, மூன்றும் நெட்டுக்குத்தாகத் தெளிவாக நின்றன. சரி, இது வடக்கத்திப் பையன் எவனோ, நாலாம் தாயின் பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை போல என்று நினைத்தாள். பொருந்திய மூன்றை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு, நாலாவதை இன்னொரு தடவை மிஷினில் ஓட்டித் தரச்சொல்லிக் கேட்டாள். திரும்ப ஓட்டியும் அதே மூன்று எழுத்துத்தான் வந்தது.

அப்போதுதான் வேலுத்தாய் மாடியேறி வந்தாள்.

காய் பிரிக்கிற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மேலே வந்தவள் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"மத்த மூணு வீட்டுக்கும் போன் வந்துருச்சு தாயி. கொண்டு போயி அடக்கம் பண்ணிட்டாக. எனக்கு மட்டும் ஒண்ணும் வரல. நீதான் அதைப் பாக்குறேன்னு உங்கப்பன் சொன்னாரு. எம்மகன் அதுல இருக்கானா இல்லையா? அதை மட்டும் சொல்லிரு, நான் போயிர்றேன்."

சூர்யகலா லேப்டாப்பை மூடினாள். நாலாம் நம்பர் இவள்தானா! என்ன சொல்வது?

"இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க அத்தை. மலையில தேடுறதை இன்னும் நிறுத்தல" என்று மழுப்பினாள்.

"இருப்பான், இருப்பான். எமனுக்கே டிமிக்கி குடுத்தவன்ல அவன். பொறந்தன்னைக்கே பொழைக்காதுன்னுட்டாக. ஆட்டுப்பால்ல துணியை நனைச்சு நனைச்சு வாயில வச்சேன். உள்ளங்கை அகலம்தான் இருந்தான். அப்பயே வுடாதவ, இப்பவா வுட்டுருவேன்?"

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, "வர்றேன் தாயி, நீ சோலியப் பாரு. வெரசாப் பாத்துச் சொல்லு" என்று எழுந்து போனாள்.

அவள் படியிறங்குகிற வரைக்கும் சூர்யகலாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். ஆட்டுப்பாலா? பெத்தவள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டுப்பால் எதற்கு?

அட, தெரியாத விஷயமா இது! ராசிங்காபுரத்தில் தெருவுக்கே தெரியும். ஜெகதீஷைப் பெத்தவள் வேலுத்தாயின் தம்பி சோணை பெண்டாட்டி. பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாலியறுத்துப் பிறந்த வீட்டோடு வந்திருந்த வேலுத்தாய்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். நாலைந்து வருசத்தில் சோணையும் போனான். பள்ளிக்கூடத்தில் தாய் பேர் வேலுத்தாய் என்று கொடுத்தாள், அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அதுவே ஆகிப்போனது. தெருப்பிள்ளைகள் எல்லாம் அவளை அத்தை என்று கூப்பிடும். நிசமாகவே அத்தை என்று கூப்பிட வேண்டிய ஒருத்தன் மட்டும் ஆத்தா என்று கூப்பிட்டான். ஒருதடவை துணி விற்க வந்தவள் எங்கேயோ கேள்விப்பட்டு, "வளத்த புள்ளையாம்ல?" என்று வாய்விட்டுவிட்டாள். வேலுத்தாய் அன்றைக்கு முழுக்கப் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள். தெருப் பொம்பளைகள் சேர்ந்து துணிக்காரியை ஊர் எல்லை தாண்டி விரட்டினார்கள். அதற்கப்புறம் அந்த வார்த்தையை அந்தத் தெருவில் யாரும் எடுத்ததில்லை. எடுக்காமல் எடுக்காமல் கடைசியில் மறந்தே போய்விட்டார்கள்.

ரத்தம் எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "ஜெகதீஷோட அம்மா யாரு?" என்று கேட்டிருக்கிறாள். வேலுத்தாய் கையை நீட்டியிருக்கிறாள். கூடப்போன ஊர்க்காரர்கள் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஏன் சொல்லுவார்கள்? அவர்களுக்கும் ஜெகதீஷின் அம்மா வேலுத்தாய்தான். அவ்வளவு ஏன், ஆத்தா வழியில் மட்டும்தான் இது வரும் என்று பாடமாகப் படித்த சூர்யகலாவுக்கே உறைக்கவில்லையே. ஊருக்கே நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் இங்கே கழுத்தை அறுத்தது.

சூர்யகலா லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். கீழே காயைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டாம் எலும்பு ஜெகதீஷாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு இப்போது பட்டது. இல்லாவிட்டாலும் ஆகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாலாம் தாயின் வரிசையில் மஞ்சளாக எரிந்த முதல் எழுத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்து, டி இருந்த இடத்தில் சி என்று தட்டினாள். மஞ்சள் அணைந்து புள்ளி வந்தது. எவ்வளவு லேசு! இரண்டாவதையும் தட்டினாள். மூன்றாவதையும் தட்டினாள். வரிசை கோடிக்குக் கோடி புள்ளியாகக் கிடந்தது. தாயும் பிள்ளையும் பொருந்திப்போனார்கள். இதை மேடத்துக்கு அனுப்பினால் நாளைக்கே வேலுத்தாய்க்குப் போன் போகும், மகனைக் கொண்டு வந்து சோணை பக்கத்தில் அடக்கம் பண்ணலாம். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

கை அனுப்புகிற இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. வடக்கத்திப் பையனாக இருந்தால்? பீகாரிலோ எங்கேயோ அவனைப் பெத்தவள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவள் பிள்ளையைத் தூக்கி இவளிடம் கொடுத்துவிடலாமா? ஜெகதீஷ் நாளைக்கே வேறு இடத்தில் கிடைத்தால் அவனுக்கு யார் தாய்? வாய்விட்டு அழுதுகொண்டே, தட்டிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினாள். திரும்ப மூன்று இடத்தில் மஞ்சள் எரிந்தது. 'பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டு, சுசித்ரா மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், நாலாம் நம்பர் அம்மா, பெத்த அம்மா இல்ல. எனக்குத் தெரிஞ்சவங்க. பெத்தவங்க உயிரோட இல்ல, ஆனா கூடப் பொறந்த அக்கா இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே ஆத்தா வயித்துல பொறந்தவங்க, அவங்க ரத்தம் போதும்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா கலா? சரி, நீ பாத்ததை நீ பாத்தபடி அனுப்பினது சரிதான். நான் அந்த அக்கா ரத்தத்தை எடுக்கச் சொல்லி எழுதுறேன். அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச்சொல்லு" என்றார் மேடம்.

அன்றைக்குச் சாயந்திரமே ராஜ்கமல் ஜீப்பில் ராசிங்காபுரம் போனார்கள். வேலுத்தாயிடம் இதை எப்படித்தான் சொல்வது? இருபது இருபத்தைந்து வருசமாக ஒரு தெருவே வாயைக் கட்டிக் காப்பாற்றிய விஷயத்தை, போயும் போயும் தன் வாயால் உடைக்க வேண்டியிருக்கிறதே என்று சூர்யகலா குமைந்தாள். சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. "ரத்தத்துல தெரிஞ்சுபோச்சு அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

வேலுத்தாய்க்கு முகம் செத்துப்போனது.

"அதெல்லாமா ரத்தத்துல தெரியும்?"

"தெரியும் அத்தை."

"இத்தனை வருசமா நான் பொங்கிப்போட்ட சோத்தைத்தானே தின்னான். அந்தச் சோறுதானே அவனுக்கு ரத்தமா ஓடுச்சு? அப்புறம் அது எப்படி தாயி வேற ரத்தமாகும்?"

சூர்யகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெத்தவளின் அக்கா வந்து ரத்தம் கொடுத்தால் பையன் கிடைத்துவிடுவான் என்றாள். வேலுத்தாய் கையை உருவிக்கொண்டாள். அந்த அக்கா பேர் மகாராணி, இருப்பது குரங்கணியில். தங்கச்சிக்கு வலி கண்டபோது வெரசாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் கொன்றுவிட்டார்கள் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவள். அன்றோடு நல்லது கெட்டது எல்லாம் அற்றுப்போனது. பிள்ளையைப் பார்க்கக்கூட வந்ததில்லை. வேலுத்தாயும் காட்டவில்லை. காட்டினால் பிள்ளையைத் தரச்சொல்லிக் கேட்டுவிடுவாளோ என்று பயம்.

அன்றிரவு அப்பா வீட்டிலேயே தங்கினார்கள். விடிந்ததும் வேலுத்தாயே ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். "வுடு அப்பு, போவோம்" என்றாள்.

குரங்கணியில் மகாராணி வீட்டுவாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கொட்டையைக் கிளறிக்கொண்டே நின்றாள். ராஜ்கமலும் சூர்யகலாவும் தள்ளி நின்றார்கள்.

"ஒந் தங்கச்சி மகன் செத்துப்போயிட்டான் மகாராணி" என்றாள் வேலுத்தாய். "எங்கிட்டக் குடுக்க மாட்டேங்கிறாக. நான் அவனுக்கு ஆத்தா இல்லையாம். நீ வந்தாக் குடுப்பாகளாம். பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு என்னைய எத்தனை செருப்பால வேணும்னாலும் அடி. ஒருவாட்டி கீழ வந்து ஒங்கையை நீட்டு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கேட்டு முடித்ததும் மகாராணி உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். போச்சு என்று ராஜ்கமல் ஜீப்பைத் திருப்பப் போனான். கொஞ்சநேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வேறு சேலை கட்டி, தலையைச் சீவிக்கொண்டு வந்தாள் மகாராணி. கண் சிவந்திருந்தது. "என்ன படிச்சிருந்தான்?" என்று கேட்டாள். வேலுத்தாய் சொல்லத் தொடங்கினாள். போடி வந்து சேருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவனுக்கு அம்மை போட்டது, சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தது, கருவாட்டுக் குழம்புக்குச் சண்டை போடுவது எல்லாவற்றையும். மகாராணி கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்சம்மாதான் இருந்தாள். மகாராணியை உட்காரவைத்துக் ரத்தம் எடுக்கக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பின்னால் நின்ற வேலுத்தாயைப் பார்த்து, "நீங்க பையனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். முன்னே எடுத்த ரத்தம் அவளுக்கு ஞாபகமில்லை, எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்.

வேலுத்தாய் மகாராணியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். சூர்யகலாவுக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அத்தை" என்றாள் வேலுத்தாய்.

மகாராணியின் ரத்தம் மதுரைக்குப் போய், மிஷினுக்குள் போய், கூம்பு கூம்பாகத் திரும்பி வரச் சில வாரம் ஆனது. அது வந்த அன்றைக்குச் சூர்யகலா சோற்றுக்குப் போகாமல் உட்கார்ந்து சரிபார்த்தாள். இரண்டாம் எலும்புக்குக் கீழே அடுக்கினாள். முதல் வரி புள்ளி. அடுத்த வரி புள்ளி. அந்த மூன்று இடத்திலும் புள்ளி. கடைசிவரை ஒரு மஞ்சள்கூட இல்லை. "அட என் ராசா, நீதானாடா!" என்று சத்தம்போட்டுக் கத்திவிட்டாள். கீழேயிருந்து பெண்கள் என்னமோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். அழுகையும் சந்தோசமும் சேர்ந்து வந்தது. பொய் எழுதாமல், ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டாமல் பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

மேடத்துக்குச் சொன்னாள். மேடம் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது.

எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. 'பொருந்தவில்லை' என்று சூர்யகலா எழுதினாளே, அது போனது ஒரு மேசைக்கு. பெத்தவளின் அக்கா ரத்தம் வருகிறது, எலும்பை வைத்திருங்கள் என்று மேடம் எழுதினாரே, அது போனது இன்னொரு மேசைக்கு. முதல் மேசைக்காரன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டான். தாய் என்று வந்தவளுக்கும் பொருந்தவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை, வடக்கத்தி ஆள், கேட்பாரில்லை. கேட்பாரில்லாத மற்ற பிணங்களோடு சேர்த்து மயானத்தில் வைத்து எரித்துவிட்டார்கள். எந்தச் சாம்பல் யாருடையது என்று இனி ஒருத்தராலும் சொல்ல முடியாது. எரித்த சாம்பலுக்கு எழுத்து கிடையாது.

பாவிகளா, இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்! அப்படி யாரையாவது திட்டினாலாவது மனசு ஆறியிருக்கும். சூர்யகலாவால் திட்டவும் முடியவில்லை. அந்த ரிப்போர்ட்டை அனுப்பிய கை தன் கைதானே என்றுதான் அவளுக்கு ஓடியது. பொய்யாக மூன்று எழுத்தைத் தட்டி அனுப்பியிருந்தால் ஜெகதீஷ் இந்நேரம் ஊரில், அவன் அப்பன் பக்கத்தில் இருப்பான். உள்ளதை உள்ளபடி எழுதினாள், அவன் போய்விட்டான். ராஜ்கமல் என்னென்னவோ சொல்லித் தேற்றிப் பார்த்தான். ஒன்றும் ஏறவில்லை.

போனில் சொல்கிற விஷயமில்லை என்று நேரில் போனாள். உச்சி வெயிலில் வேலுத்தாய் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சூர்யகலா தரையில் அவள் எதிரே உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். அது ஜெகதீஷ்தான் என்று தெரிந்துபோனதைச் சொன்னாள். எரித்துவிட்டதையும் சொன்னாள். தான் எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எரித்தார்கள் என்பதையும் சொன்னாள்.

வேலுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு கத்துவாள், இவள் தலைமுடியைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். வேலுத்தாய் சுவரில் சாய்ந்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது.

"நீ என்ன தாயி பண்ணுவ. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கையை நீட்டுனவ நானு. யாரு ஆத்தான்னு கேட்டாக, நீட்டிட்டேன். இப்ப நினைச்சாலும் வேற எப்படிச் சொல்லுறதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கும் அவனுக்கும் எத்தனை எழுத்து தாயி ஒத்துவராமப் போச்சு?"

மூன்றே எழுத்துத்தானா, அதை மாத்தி எழுதியிருந்தா என்ன குறைஞ்சா போயிருவ என்று கேட்கப்போகிறாள், கேட்டால் என்ன சொல்வேன் என்று சூர்யகலா பயந்தாள்.

"மூணு அத்தை."

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"அதுல பாத்தது நானூறுக்குப் பக்கம்."

"நானூறுல மூணுதானா? மிச்சமெல்லாம் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

வேலுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுத முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது.

"அப்ப நானு அம்புட்டுக் கிட்டத்துலயா இருந்தேன் அவனுக்கு?"

பஸ்சில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற முன்பின் தெரியாத பொம்பளையின் ரத்தத்தை எடுத்து அடுக்கினாலும் நாலைந்து எழுத்துக்கு மேல் மாறாது. மனுசருக்கு மனுசர் அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று எழுத்து என்றால் கிட்டம் இல்லை, உறவே இல்லை என்று அர்த்தம். சூர்யகலா அப்படித்தான் படித்திருந்தாள், அப்படித்தான் எழுதியும் அனுப்பினாள். வேலுத்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தை" என்றாள் சூர்யகலா. "ரொம்பக் கிட்டத்துல. பெத்தவங்களுக்கே சிலபேருக்கு அம்புட்டு மாறும்."